முத்துக் கட்டாத கண்ணாடி

ஐப்பசி மாதத்து அதிகாலையில் வடலூர் நான்குமுனைச் சந்திப்பில் வந்து நிற்கும் ஏ.சி. பேருந்தைப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடியெல்லாம் வெளிப்பக்கமாக மங்கிப் போயிருக்கும். உள்ளே உட்கார்ந்திருப்பவர் கைக்குட்டையால் எத்தனை முறை துடைத்தாலும் ஊர்ப்பெயர்ப் பலகை தெரியாது, ஏனென்றால் ஈரம் அந்தப் பக்கம் இருக்கிறது. குளிர்நாடுகளில் இது தலைகீழ். அங்கே காருக்குள் ஆட்கள் விடும் மூச்சு, வெளிக்குளிரால் சில்லிட்ட கண்ணாடியின் உள்பக்கத்தில் படியும். நமக்கோ கடல் பக்கத்தில் இருக்கிறது; ஐப்பசியில் கடலூர்க் காற்றில் உள்ள ஈரம் 24 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையிலேயே நீராகத் திரளத் தொடங்கிவிடும். பேருந்துக்குள் ஏ.சி.யை 20-ல் வைத்தால் கண்ணாடியின் வெளிமுகமும் அந்த 24-க்குக் கீழே இறங்கிவிடுகிறது. மீதியைக் காற்றே பார்த்துக்கொள்ளும்.

இப்படி மங்கலாக்கும் தண்ணீரின் அளவு மிகச் சொற்பம். ஒரு சதுர மீட்டர் கண்ணாடியில் நூறில் ஒரு மில்லிமீட்டர் கனத்துக்குத் தண்ணீர் இருந்தால், மொத்தமாக வழித்தெடுத்தாலும் 10 மில்லிலிட்டர்தான் தேறும். அதே 10 மில்லிலிட்டர் சமமாகப் பரவிக் கிடந்தால் அங்கே தண்ணீர் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. தண்ணீருக்கு நிறமில்லை, ஒளியை உறிஞ்சுவதும் இல்லை. சிக்கல் அது திரளும் வடிவத்தில் இருக்கிறது. ஆயிரக்கணக்கான குட்டித் துளிகளாகத் திரளும்போது ஒவ்வொன்றும் ஒரு குவிலென்சாகிவிடுகிறது. எதிரே வரும் லாரியின் முகப்பு விளக்கு ஆயிரம் லென்சுகளில் ஆயிரம் திசைக்கு உடைந்து போகிறது. ஓட்டுநர் கண்ணுக்கு வெள்ளைப் படலம்தான் மிஞ்சும்.

ஆக, கண்ணாடியில் ஈரம் படியாமல் தடுக்க வேண்டிய அவசியமே இல்லை. படிந்த ஈரம் முத்துக் கட்டாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

ஒரு நீர்த்துளி எப்போது முத்தாகும், எப்போது பரவும் என்பதற்கு 1805-ல் தாமஸ் யங் ஒரு கணக்குப் போட்டுக் கொடுத்தார். துளியின் விளிம்பு தளத்தைத் தொடும் இடத்தில் உண்டாகும் கோணத்துக்குச் சேர்கோணம் என்று பெயர். தண்ணீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும் வலுவுக்கும், தளம் அவற்றை இழுக்கும் வலுவுக்கும் நடக்கும் இழுபறியே இந்தக் கோணத்தை முடிவு செய்கிறது. எண்ணெய் அதிகமான தோசைக்கல்லில் மாவு பிடிக்காமல் கரண்டியோடு சுருண்டு வருமே, அங்கே தளம் தோற்றுவிட்டது. நன்றாகக் கழுவிய கண்ணாடியில் தண்ணீரின் சேர்கோணம் குறைவாக இருக்கும். ஆனால் அந்தச் சுத்தம் நீடிக்காது. சமையல் புகை, வண்டிப் புகை, விரல் ரேகை, எல்லாமாகச் சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பூச்சு ஒன்றைப் பூசிவிடும். கோணம் ஏறும், முத்து கட்டும்.

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. கோணத்தை ஏற்றிக்கொண்டே போய்த் துளியை உருண்டோட வைப்பது ஒன்று, ஏறக்குறைய பூஜ்ஜியத்துக்கு இறக்கித் துளியைத் தட்டையாகப் படுக்க வைப்பது மற்றொன்று. வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் அடிப்படையான ஆய்வுக்கட்டுரைகள் ஒரே ஆண்டில், 1997-ல் வெளிவந்தன. ஜெர்மனியின் பான் நகரைச் சேர்ந்த வில்ஹெல்ம் பார்த்லாட்டும் கிறிஸ்டோஃப் நைன்ஹுயிசும் தாமரை இலையின் மேல் உள்ள நுண்ணிய மேடுகளும் மெழுகும் சேர்ந்து எப்படி அழுக்கைத் துளியோடு உருட்டி அனுப்புகின்றன என்று எழுதினார்கள். ஜப்பானில் டோஷியா வாடனபே, அகிரா ஃபுஜிஷிமா குழுவினர் டைட்டானியம் டைஆக்சைடு பூசிய கண்ணாடியில் புறஊதா ஒளி பட்டதும் சேர்கோணம் 72 டிகிரியிலிருந்து பூஜ்ஜியத்துக்கு வீழ்ந்ததைக் காட்டினார்கள்.

நமக்குத் தாமரைதான் நெருக்கம். பத்திரிகைகளும் அந்தக் கதையையே திரும்பத் திரும்பச் சொல்லும். ஆனால் மங்கலை விரட்ட தாமரை உதவாது. மேலிருந்து விழும் துளி இலையின் மேடுகளில் பட்டு உருண்டோடும், சரி. காற்றிலிருந்து நேரடியாகத் திரளும் ஈரமோ அந்த மேடுகளுக்கு நடுவிலேயே பிறக்கிறது. பிறந்த இடத்தில் ஒட்டிக்கொள்கிறது. நீராவியில் பிடித்தால் தாமரை இலையிலும் துளி ஒட்டும் என்று 2005-ல் சோதித்தே காட்டிவிட்டார்கள். போதாததற்கு, மேடுகள் ஒளியைச் சிதறடிக்கும், விரல் பட்டால் உடையும்.

படுக்க வைக்கும் வழியோ நம் ஓட்டுநர்களுக்கு எப்போதோ தெரியும். மழையில் வைப்பர் நின்றுபோனால் புகையிலைத் தூளை நனைத்து முன்கண்ணாடியில் தேய்ப்பார்கள். கொஞ்ச நேரத்துக்குத் தண்ணீர் முத்துக் கட்டாமல் ஏடாக வழியும், சாலை தெரியும். 1966 ஜூனில் ஜெமினி 9ஏ விண்கலத்தை விட்டு வெளியே மிதந்த யூஜின் செர்னனுக்கு முகக்கவசம் உள்பக்கமாக மங்கிப் போய், மூக்கு நுனியால் தேய்த்து ஒரு சின்ன ஓட்டை உண்டாக்கி அதன் வழியே பார்க்கும் நிலை வந்தது. அடுத்தடுத்த பயணங்களில் நாசா கையாண்டதும் இதே உத்திதான். புகையிலைக்குப் பதில் சோப்பு போன்ற ஒரு கரைசல். இரண்டுமே கழுவினால் போய்விடும். கண்ணாடியோடு பிறந்ததுபோல் நிலைத்திருக்கும் ஒன்று வேண்டும் என்றால் ஆக்சைடுகளிடம் போக வேண்டும்.

டைட்டானியம் டைஆக்சைடு அபூர்வப் பொருள் இல்லை. சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயிண்டில் இருப்பது அதுதான், பற்பசையின் வெண்மையும் அதுதான். 1967-ல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராக இருந்த ஃபுஜிஷிமா அதன் படிகம் ஒன்றைத் தண்ணீரில் வைத்து ஒளி பாய்ச்சினார். மேற்பரப்பிலிருந்து குமிழ் குமிழாக ஆக்சிஜன் வந்தது. வெறும் ஒளி பட்டுத் தண்ணீர் பிரிகிறதா என்று நம்பத் தயங்கியவர்கள் நிறைய. ஆசிரியர் கெனிச்சி ஹோண்டாவோடு சேர்ந்து அவர் எழுதிய கட்டுரை 1972-ல் 'நேச்சர்' இதழில் வந்தது.

நடப்பது இதுதான். டைட்டானியம் டைஆக்சைடு ஒரு குறைகடத்தி. அதன் அனடேஸ் என்ற படிக வடிவத்தில் எலக்ட்ரான் ஒன்று கட்டுண்ட நிலையிலிருந்து துள்ளி எழ 3.2 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் வேண்டும். 388 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள ஒளிக்குத்தான், அதாவது புறஊதாவுக்குத்தான், அந்த வலு உண்டு. எழுந்த எலக்ட்ரான் ஒருபக்கம் காற்றின் ஆக்சிஜனைப் பிடிக்கும். அது விட்டுச்சென்ற துளை மறுபக்கம் தண்ணீரைத் தாக்கும். இரண்டு பக்கமும் மூர்க்கமான வினைத் துணுக்குகள் பிறந்து, மேலே ஒட்டியிருக்கும் எண்ணெயையும் புகைக்கரியையும் கார்பன் டைஆக்சைடாகவும் நீராகவும் சிதைத்துவிடுகின்றன. படலம் மட்டும் தேயாமல் அப்படியே இருக்கும்.

அரிக்கேன் விளக்கின் சிம்னியைச் சாயங்காலமானால் சாம்பல் போட்டுத் துடைத்த தலைமுறைக்கு இதன் அருமை புரியும். ஜப்பானில் இந்தப் படலம் முதன்முதலில் வேலைக்கு வந்த இடங்களில் ஒன்று நெடுஞ்சாலைச் சுரங்கப் பாதைகளின் விளக்கு. வண்டிப் புகை படிந்து படிந்து விளக்கின் கண்ணாடி மூடி கறுத்துவிடும். ஏணி போட்டுத் துடைக்கப் பாதையை மூட வேண்டியிருக்கும். மூடியின் மேல் டைட்டானியம் ஏற்றியதும், விளக்கே கசியவிடும் சொற்பப் புறஊதா ஒளியில் கரி தானாக எரிந்து தீர்ந்தது.

1997-ல் தெரியவந்த விஷயம் இதற்கும் மேலே ஒரு படி. ஒளிபட்ட படலத்தில் தண்ணீர் மட்டுமல்ல, எண்ணெயும் தட்டையாகப் பரவியது. ஒளிபட்டதும் மேற்பரப்பின் ஆக்சிஜன் அணுக்கள் சில கழன்றுபோய், அந்த இடங்களில் தண்ணீரின் ஹைட்ராக்சில் தொகுதிகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன, அதனால் பரப்பே தண்ணீர்விரும்பியாக மாறுகிறது என்று வாடனபே குழு விளக்கியது. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, மேலே இருந்த எண்ணெய்ப் பூச்சு எரிந்து போவதால் உண்டாகும் சுத்தம்தான் இது என்று அமெரிக்காவின் ஜான் யேட்ஸ் குழு 2005-ல் மறுத்தது. துப்புரவான வெற்றிடக் கலத்தில், அளந்து கலந்த ஹெக்சேனோடு அவர்கள் செய்த சோதனை எனக்கு வலுவாகவே படுகிறது. இரண்டும் கலந்தே நடக்கிறது என்போரும் உண்டு. எப்படியானாலும் இருட்டில் வைத்தால் சில நாள்களில் கோணம் மெல்ல ஏறிவிடும், மீண்டும் ஒளி காட்டினால் இறங்கும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

எல்லாம் சரி, ஆனால் புறஊதா எங்கே இருக்கிறது? வெயிலின் ஆற்றலில் அதன் பங்கு நூற்றுக்கு நான்கைந்துதான். மொட்டைமாடியில் அது போதும். மங்கல் தொல்லை கொடுக்கும் இடங்களைக் கவனித்தால்தான் சங்கடம் தெரியும். குளியலறைக் கண்ணாடிக்கு எல்.இ.டி. வெளிச்சம், அதில் புறஊதா கிட்டத்தட்ட இல்லை. காரின் முன்கண்ணாடி இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக் ஏடு வைத்து ஒட்டியது. அந்த ஏடு புறஊதாவை வடிகட்டிவிடுவதால் உள்முகத்துக்கு எதுவும் வந்து சேராது. இதே வடலூரில் 1872 ஜனவரி 25-ல் வழிபாடு தொடங்கிய சத்திய ஞான சபையில், ஏழு திரைகளுக்கு அப்பால் ஒரு கண்ணாடி இருக்கிறது. தைப்பூசத்தன்று திரைகள் விலக, அதில்தான் ஜோதியைக் காண்கிறார்கள். அந்தக் கண்ணாடி அறிந்தது விளக்கொளி ஒன்றையே. எண்ணெய் விளக்கின் சுடரில் சிவப்பும் மஞ்சளும் தாராளம், புறஊதாவோ இல்லையென்றே சொல்லலாம். (ஃபுஜிஷிமாவின் கட்டுரை சபை திறந்து சரியாக நூறாண்டு கழித்து வந்தது, வெறும் தற்செயல்.)

கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் வேலை செய்யும் படலம் வேண்டும், அல்லது கிடைக்கும் கொஞ்சம் புறஊதாவை வீணாக்காத படலமாவது வேண்டும். அதற்காகத்தான் வேற்று உலோகத்தை உள்ளே புகுத்துகிறார்கள். பிளஸ் டூ இயற்பியல் படித்தவர்களுக்கு மாசூட்டல் என்றால் சிலிக்கானும் பாஸ்பரஸும் ஞாபகம் வரும். இங்கே படிகத்தில் டைட்டானியம் உட்கார வேண்டிய இடங்களில் ஒன்றிரண்டை இரும்புக்கோ, வனேடியத்துக்கோ, தாமிரத்துக்கோ விட்டுக்கொடுக்கிறோம். இரும்பு அயனியின் உருவம் டைட்டானியத்தின் உருவத்துக்கு மிக நெருக்கம், அதனால் முட்டல் மோதல் இல்லாமல் உட்காரும்.

வந்து உட்கார்ந்த இரும்பு செய்வது என்ன? ஒளி எழுப்பிய எலக்ட்ரானும் துளையும் மேற்பரப்புக்கு வந்து சேர்வதற்குள் பெரும்பாலும் ஒன்றோடொன்று சேர்ந்து அழிந்துவிடும். அப்படி அழிந்தால் பட்ட ஒளி வெறும் சூடாகத்தான் மிஞ்சும். இரும்பு அயனி நடுவில் நின்று அவற்றில் ஒன்றைப் பிடித்து வைத்து, சற்றுப் பொறுத்து விடுவிக்கிறது. இணைகள் பிரிந்திருக்கும் நேரம் நீளும், வேலையும் நடக்கும். கூடவே, இரும்பு தன் பங்குக்கு ஊதா, நீலப் பக்கத்து ஒளியையும் கொஞ்சம் உறிஞ்சும்.

1994-ல் வோன்யாங் சோய், ஆண்ட்ரியாஸ் டெர்மின், மைக்கேல் ஹாஃப்மன் மூவரும் கலிஃபோர்னியாவில் 21 உலோக அயனிகளை ஒவ்வொன்றாக எடுத்துச் சோதித்தார்கள். இரும்பு, மாலிப்டினம், ருதீனியம், ஆஸ்மியம், ரீனியம், வனேடியம், ரோடியம் ஆகியவை நூற்றுக்கு 0.1 முதல் 0.5 பங்கு வரை சேர்ந்தபோது வினைவேகம் நன்றாக ஏறியது. கோபால்ட்டும் அலுமினியமும் அதைக் குறைத்தன. அரை சதவீதம் என்றால் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 நானோமீட்டர் விட்டமுள்ள அனடேஸ் குருணை ஒன்றில் சுமார் 1,900 டைட்டானியம் அணுக்கள் இருக்கும். அதில் அரை சதவீதம் என்பது ஒன்பது பத்து இரும்பு அணு. ஐம்பதாக்கினால் என்ன? பிடித்து வைக்கும் இடங்கள் நெருங்கிவிடும். எலக்ட்ரானைப் பிடித்த அணுவுக்குப் பக்கத்திலேயே துளையைப் பிடித்த அணு நிற்கும். பிரித்து வைக்க வந்தவையே சேர்த்து வைத்துவிடும். தமிழ்நாட்டுக் கல்லூரி ஆய்வேடுகள் பலவற்றில் 2, 4, 6, 8 சதவீதம் என்று படிப்படியாக ஏற்றிக்கொண்டு போவதைப் பார்க்கும்போது, அந்த அரை சதவீதத்துக்குக் கீழே கொஞ்சம் தேடியிருக்கலாமே என்று தோன்றும்.

இரும்பைப் பற்றி ஒரு முரண். நம் டைட்டானியம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கேரளத்து சவறாவிலும் உள்ள கடற்கரை மணலிலிருந்து வருகிறது. அந்தக் கறுப்பு மணலில் இருக்கும் இல்மனைட் என்ற கனிமமே இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்தது. திருவனந்தபுரத்தில் அதைக் கந்தக அமிலத்தில் கரைத்து இரும்பைப் பிரித்து வெளியேற்றி, வெள்ளை வெளேரென்ற அனடேஸ் தூள் ஆக்குகிறார்கள். இவ்வளவு பாடுபட்டு நீக்கிய இரும்பை ஆய்வாளர் மீண்டும் சிட்டிகைக் கணக்கில் சேர்க்கிறார். மணலில் இரும்பு சரிபாதியாக இருந்தது, படிகமே வேறு. இங்கே அனடேஸ் வீடு, இரும்பு விருந்தாளி.

மங்கலைத் தடுப்பது மட்டுமே நோக்கம் என்றால் இரும்பைவிடச் சாதுவான கூட்டாளிகள் உண்டு. டங்ஸ்டன் ஆக்சைடோடு அடுக்கிய டைட்டானியப் படலம், அறையில் எரியும் சாதாரண டியூப் லைட்டின் மிகச் சொற்பப் புறஊதாவிலேயே தண்ணீர்விரும்பியாக மாறுவதை ஜப்பானியர்கள் காட்டினார்கள். சிலிக்காவைக் கால் பங்கு வரை கலந்தால் இருட்டிலும் அந்தத் தன்மை நாள்கணக்கில் தங்கும். இரவில் ஓடும் பேருந்துக்கு இந்த இரண்டாவது குணம்தான் முக்கியம்.

இதையெல்லாம் செய்ய லட்சக்கணக்கில் விலையுள்ள வெற்றிடக் கருவிகள் வேண்டும் என்று நினைக்கத் தோன்றும். தமிழ்நாட்டுக் கல்லூரிகள் அதற்காகக் காத்திருக்கவில்லை. தஞ்சாவூர் அருகே பூண்டி புஷ்பம் கல்லூரி இயற்பியல் துறையினர் சென்ட் அடிக்கும் பாட்டிலை வைத்தே ஆக்சைடு படலங்கள் செய்து சர்வதேச இதழ்களில் வெளியிட்டார்கள். விருதுநகர் செந்திக்குமார நாடார் கல்லூரியில் ஆஸ்துமாக்காரர்களுக்கு மருந்தை ஆவியாக்கித் தரும் நெபுலைசரைக் கருவியாக்கினார்கள். துத்தநாக ஆக்சைடு, வெள்ளீய ஆக்சைடு, அவற்றில் அலுமினியம், ஃப்ளூரின் என்று படலங்கள் வந்தன. பெரும்பாலும் மின்கடத்தும் கண்ணாடிக்காகத் தொடங்கிய வேலை. அதே அடுப்பில், அதே தெளிப்பானில் சுயசுத்தப் படலமும் வரும்.

செய்முறை பார்க்க எளிது. மைக்ரோஸ்கோப் ஸ்லைடைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, அமிலத்தில் ஊறவைத்து, அசிட்டோனில் அலசி, வாலைவடிநீரில் முடிப்பார்கள். கழுவிய ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்தால் தண்ணீர் எங்கும் திட்டுத்திட்டாக உடையாமல் ஒரே ஏடாக வடிய வேண்டும். உடைந்தால் மறுபடி முதலிலிருந்து. துத்தநாக அசிட்டேட்டைக் கரைத்து, சேர்க்க வேண்டிய உலோகத்தின் உப்பை மில்லிகிராம் கணக்கில் நிறுத்துப் போட்டுக் கலக்குவார்கள். ஸ்லைடு 400 டிகிரிக்குச் சூடாகியிருக்கும். ஒரு தெளிப்பு, சில விநாடி நிறுத்தம், மீண்டும் ஒரு தெளிப்பு. நிறுத்தம் எதற்கென்றால், ஈரம் பட்டு இறங்கிய சூடு பழைய அளவுக்கு ஏற வேண்டும். அவசரப்பட்டு அடுத்தடுத்து அடித்தால் படலம் வெண்பொடியாகப் பூத்துப்போகும். நிதானமாகப் போனால் எண்ணெய் மிதக்கும் தண்ணீரில் தெரிவதுபோன்ற வண்ணங்கள் ஸ்லைடில் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே வரும். கைபழகியவர்கள் வண்ணத்தைப் பார்த்தே கனத்தைச் சொல்லிவிடுவார்கள். டைட்டானியம் ஐசோபுரொப்பாக்சைடு வைத்துச் செய்பவர்களுக்கு வேறு கவலை. அந்த பாட்டிலைத் திறந்து ஒரு துளி வெளியே சிந்தினால், கடலோர ஈரக்காற்று பட்டதும் கண்முன்னாலேயே வெள்ளையாகத் திரிந்துவிடும். அதை அடக்கி வைக்க அசிட்டைல் அசிட்டோன் சேர்ப்பார்கள்.

சிதம்பரம் வட்டாரத்தில் இத்தகைய ஸ்லைடுகள் கடைசியில் வந்து சேரும் இடம் 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம். அங்குள்ள மையக் கருவியகத்துக்கு மாதிரிகளைப் பஞ்சில் சுற்றி, பிளாஸ்டிக் டப்பாவில் வைத்துக்கொண்டு மாணவர்கள் வருவார்கள். எக்ஸ்-கதிர் வரைபடத்தில் 25.3 டிகிரியில் ஒரு முகடு எழுந்தால் அனடேஸ் வந்துவிட்டது என்று நிம்மதி.

அதற்கு அடுத்த சோதனையில்தான் எனக்கு மனக்குறை. படலத்தை மெத்திலீன் நீலச் சாயக் கரைசலில் போட்டு ஒளி காட்டுவார்கள். நீலம் வெளுத்தால் படலம் சுத்தம் செய்கிறது என்று முடிவு. புறஊதா ஒளியில் இது நியாயமான சோதனை. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் செய்தால் வம்பு: மெத்திலீன் நீலம் அந்த ஒளியைத் தானே உறிஞ்சக்கூடிய சாயம். படலம் சும்மா இருந்தாலும் சாயம் தானே கிளர்ந்து வெளுத்துப் போகலாம். இந்தச் சாயம் இந்தச் சோதனைக்கு ஏற்றதா என்று ஜப்பானில் ஓதானி குழுவினர் 2006-லேயே கேட்டுவிட்டார்கள். இருந்தும் உலோகம் சேர்த்த படலம் வெயிலில் இத்தனை நிமிடத்தில் இத்தனை சதவீதம் வெளுக்கவைத்தது என்ற வரைபடங்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. கண்ணாடிக்கென்றே ஒரு சர்வதேசத் தரச்சோதனை இருக்கிறது. பரப்பில் ஒலியிக் அமிலத்தைப் பூசி, ஒளி காட்டி, சேர்கோணம் எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று பார்ப்பது அது. சாயத்தைவிட அது உண்மை வாழ்க்கைக்கு நெருக்கம். ஜன்னலில் படிவது விரல் எண்ணெய்தானே.

ஸ்லைடிலிருந்து ஜன்னலுக்குப் போகும் வழியில் இன்னும் மூன்று தடைகள் உண்டு. சாதாரணக் கண்ணாடியில் சோடியம் நிறைய. 450 டிகிரி, 500 டிகிரியில் சுட்டால் அது மேலேறிப் படலத்துக்குள் கசிந்து அனடேஸை முடக்கிவிடும். அதனால் அடியில் சிலிக்காவால் ஒரு தடுப்பு அடுக்கு போடுகிறார்கள். அடுத்தது கனம். டைட்டானியம் டைஆக்சைடின் ஒளிவிலகல் எண் மிக அதிகம். சுமார் 55, 60 நானோமீட்டர் கனத்தில் அடர்த்தியாகப் பூசிவிட்டால் படும் பச்சை ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு திரும்பிப் போய்விடும். வெறும் கண்ணாடி முகம் திருப்பி அனுப்புவது நூற்றுக்கு நான்குதான். 2001-ல் பில்கிங்டன் நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த 'ஆக்டிவ்' கண்ணாடியில் படலத்தின் கனம் சுமார் 15 நானோமீட்டர், அதாவது அனடேஸ் படிகக் கூடுகள் பதினாறை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிய உயரம். மூன்றாவது நிறம். இரும்பு சேர்ந்தால் மஞ்சள் சாயல் தட்டும். உலோகம் கண்ணாடிக்கு நிறம் தருவது இந்தக் கடற்கரைக்குப் பழகிய சங்கதி. அரிக்கமேட்டிலும், இன்று சிப்காட் ஆலைகள் நிற்கும் கடலூர் காரைக்காட்டிலும், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கண்ணாடி மணிகள் கிடைத்தன. தாமிரத்தால் சிவப்பும் நீலமுமாக ஆனவை. அந்த மணிக்காரர்கள் நிறத்துக்காக உலோகம் சேர்த்தார்கள். நிறமே தெரியக்கூடாது என்று சேர்ப்பவர்கள் நாம்.

கடைசியாக ஒரு கேள்வி: வடலூரின் அழுக்கு எது? ஆய்வகம் எண்ணெயையும் சாயத்தையும் வைத்துச் சோதிக்கிறது. வடலூரில் கண்ணாடியின் மேல் விரலால் கோடிழுத்தால் ஒட்டிக்கொண்டு வருவது செம்மண், சுரங்க மண், லாரியிலிருந்து பறக்கும் சாம்பல். பக்கத்து நெய்வேலியில் 1956-ல் தொடங்கிய நிறுவனம் பழுப்பு நிலக்கரியை எடுத்து எரித்துக்கொண்டிருக்கிறது. நெய்வேலிச் சாம்பலில் சுண்ணாம்புச் சத்து அதிகம். தண்ணீர் பட்டால் தானே இறுகும் வகை அது. சிமென்ட் வேலைக்கு அது நல்ல குணம், கண்ணாடிக்குக் கெட்ட குணம். மார்கழிப் பனி இரவில் இறங்கி, காலையில் வெயில் காய்ந்து, மறுநாள் மறுபடி இறங்கும்போது ஒவ்வொரு தடவையும் தூசி கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகும். டைட்டானியமோ, எவ்வளவு இரும்பு சேர்த்த டைட்டானியமோ, மண்ணையும் சாம்பலையும் எரிக்க முடியாது. அவை ஏற்கெனவே எரிந்து முடிந்த ஆக்சைடுகள்.

அதே நெய்வேலியில் 2015-ல் 10 மெகாவாட் சூரிய மின்நிலையமும், பிறகு 130 மெகாவாட் நிலையமும் வந்தன. கண்ணாடியின் சுத்தம் அங்கே நேரடியாக யூனிட் கணக்கு. இந்தப் படலம் அங்கே செய்யக்கூடியது இரண்டு. மண்ணை ஒட்டவைக்கும் எண்ணெய்ப் பிசினை எரித்துவிடும். மழை வந்தால் தண்ணீர் ஏடாக ஓடி மண்ணுக்கு அடியில் புகுந்து கிளப்பிக்கொண்டு போகும். மழை வந்தால். கடலூர் மாவட்டத்தின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி முதல் மார்கழி வரையில் கொட்டித் தீர்த்துவிடுகிறது. தை முடிந்தால் சித்திரை, வைகாசி வரை வானம் கையை விரித்துவிடும். கண்ணாடி அதிகம் அழுக்காவதும் அந்த மாதங்களில், வெயில் அதிகம் காய்வதும் அந்த மாதங்களில். அப்போது இந்தப் படலத்துக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டும். தேய்க்காமல், சோப்பில்லாமல், குறைந்த தண்ணீரில் வேலை முடியும் என்பதுதான் லாபம். அந்த லாபம் எவ்வளவு லிட்டர் என்பதை வடலூர் மொட்டைமாடியில் சாய்த்து வைத்த இரண்டு கண்ணாடிகள், ஒன்று பூசியது, மற்றது பூசாதது, தையிலிருந்து ஆனி வரை ஒரே தூசியில் கிடந்தால்தான் சொல்ல முடியும். ஒரு முதுகலை மாணவருக்குப் பொருத்தமான வேலை; கருவியென்று பார்த்தால் தராசும் ஒளிமானியும் போதும்.

கடையில் விற்கும் 'நானோ கோட்டிங்' பாட்டில்களை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கார் கழுவும் இடங்களில் அடித்துத் தருவது பெரும்பாலும் சிலிக்கோன், ஃப்ளூரின் சேர்மங்கள், தாமரை வழி. தண்ணீர் ஊற்றி முத்து உருண்டால் அது. வாயால் ஊதினால் அந்தக் கண்ணாடி மங்கும். டைட்டானியம் படலமுள்ள கண்ணாடி, சில நாள் வெயில் கண்டபின், ஊதினாலும் மங்காது, ஊற்றினாலும் உருளாது. அப்படியொரு ஜன்னல் போட்டிருந்தால், சட்டத்தைச் சுற்றி எதை வைத்து அடைக்கிறார் என்று கண்ணாடி மாட்டும் ஆளிடம் முதலில் கேளுங்கள். வழக்கமான சிலிக்கோன் பேஸ்டிலிருந்து கசியும் எண்ணெய் படலத்தின் மேல் ஊர்ந்து பரவும். அது எரிந்தாலும் கார்பன் பகுதி மட்டும் போய், சிலிக்கா அங்கேயே தங்கிவிடும். மழை பெய்யும்போது கண்ணாடியின் நடுவில் தண்ணீர் ஏடாக இறங்க, ஓரங்களில் மட்டும் கோடு கோடாக உடைந்து நிற்கும். அதனால்தான் அந்தக் கண்ணாடி செய்பவர்கள் சிலிக்கோன் இல்லாத அடைப்பானையோ, ரப்பர் பட்டையையோ பயன்படுத்தச் சொல்கிறார்கள்.